சாரல் காற்றும் செண்டையும் ஒரே ஆல்பத்தில்

கேள்வி: எனக்கு ஊர் செங்கோட்டை பக்கம் புளியரை. போனிலும் லேப்டாப்பிலும் தனியாகச் சோதனை இசை செய்கிறேன். சாரல் காற்றைப் பதிவு செய்தால் வெறும் 'புர்ர்' சத்தம்தான் வருகிறது. வேலிக் கம்பியில் பீசோ (அதிர்வை மின்சாரமாக்கும் சிறு தட்டு) ஒட்டிப் பார்த்தேன், தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. புனலூரில் செண்டை வாசிக்கும் சேட்டன் ஒருவர் சேர்ந்து செய்யலாம் என்கிறார். ஆனால் கிளிக் (மாறாத வேகத்தில் தட்டும் தாள ஓசை) போட்டு வாசித்தால் ஒத்துவரவே இல்லை. ஆல்பம் வந்தால் உரிமை யாருக்கு? அட்டைக்குச் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் எடுத்த படங்கள் இருக்கின்றன. நல்ல கேமரா வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: கேமரா இப்போது வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை சில நூறு ரூபாய்ச் சாமான்களிலும் கொஞ்சம் பொறுமையிலும் தீரக்கூடியவை.

காற்றிலிருந்து தொடங்குவோம். அந்தப் 'புர்ர்' ஊரின் ஓசையே அல்ல. காற்று மைக்கின் சவ்வில் நேராக மோதிச் சுழல்வதால் எழுவது அது, எந்த ஊரில் பிடித்தாலும் அப்படித்தான் இருக்கும். நம் காது காற்று என்று கேட்பது தென்னோலையிலும் தகரக் கூரையிலும் பட்டுவரும் ஓசையை. எனவே மைக்கைச் சுவருக்கோ மரத்தடிக்கோ மறைவில் வைத்து, ஓலைக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பஞ்சு உறை புளியரைக் காற்றுக்குப் போதாது. 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளமுள்ள செயற்கை ரோமத் துணியை வாங்கி, ரோமம் வெளியே இருக்கும்படி தைத்து, பஞ்சு உறைக்கு மேல் தொளதொளவென்று மாட்டுங்கள். துணியை வாயருகே வைத்து ஊதினால் மூச்சு உள்ளே போக வேண்டும். போகாத துணி உச்ச ஓசைகளை விழுங்கிவிடும். நனைந்து ஒட்டிப்போன ரோமமும் அதையே செய்யும், ஆகவே இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். தூறலில் துளிகள் உறைமேல் 'டப் டப்' என்று விழும். தென்னைநார்ப் பாயில் ஒரு துண்டை நான்கு விரற்கடை உயரத்தில் கூரையாகப் பிடித்தால் துளி சிதறி அந்த இடி குறையும்.

போனின் சாதாரண ரெக்கார்டர் சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும், இரைச்சலைத் தானே வடிகட்டும். இரண்டையும் அணைக்க வழியுள்ள செயலியில் வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதியுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். தனி ரெக்கார்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானைப் பதியும்போதே போடுங்கள். ஓசை அளவு மீறி உச்சி முறிந்த பதிவை அப்புறம் முழுதாகச் சீராக்க முடியாது.

அடுத்தது பீசோ. இதில்தான் அதிகம் பேர் மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள், உங்கள் கையில் தப்பே இல்லை. 27 மில்லிமீட்டர் பீசோத் தட்டு மின்சாரக் கணக்கில் ஒரு கெப்பாசிட்டர், ஏறத்தாழ 20 நானோபாரட். போனின் மைக் உள்ளீடு சுமார் 2 கிலோ ஓம். இவை இரண்டும் சேரும்போது சுமார் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் வடிந்துவிடும். தகர டப்பா ஓசைக்குக் காரணம் இதுதான். அதே பீசோவை 1 மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், கம்பியின் அடிக்குரல் முழுதாகக் கேட்கும். வீட்டுக்குள் என்றால் ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஓசையைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டி) கிட்டாருக்கென்று இருக்கும் உள்ளீடு போதும். வெளியில் ஒரு சிறு பஃபர் (பீசோவின் ஓசை வடியாமல் காக்கும் சுற்று) தேவை: ஜே113 போன்ற ஒரு ஜேஃபெட் (டிரெயின், கேட், சோர்ஸ் என்று மூன்று கால் உள்ள டிரான்சிஸ்டர்), 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டரில் இரண்டு 4.7 மெகா ஓம், ஒரு 10 கிலோ ஓம், கெப்பாசிட்டரில் ஒரு 0.1 மைக்ரோபாரட், ஒரு 10 மைக்ரோபாரட். டிரெயின் கால் பேட்டரியின் பிளஸுக்கு. கேட்டிலிருந்து பிளஸுக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று இரண்டு 4.7 மெகா ஓம். சோர்ஸிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம். பீசோ 0.1 வழியாகக் கேட்டுக்குள் வரும், ஓசை சோர்ஸிலிருந்து 10 மைக்ரோபாரட் வழியாக வெளியே போகும், அதன் பிளஸ் கால் சோர்ஸ் பக்கம் இருக்கட்டும். ஜேஃபெட்டுக்கு ஜேஃபெட் கால் வரிசை மாறும், டேட்டாஷீட்டைப் பார்க்காமல் பற்றவைக்காதீர்கள். பீசோவின் வெள்ளைப் பகுதியில் சூட்டுக்கோலை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் பூச்சு உரிந்து வந்துவிடும். வயர் ஷீல்டு உள்ளதாக இருக்க வேண்டும், ஷீல்டைப் பித்தளைப் பக்கம் இணையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து மின்கம்பத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்தான் ஆல்பமாகும்.

முள்கம்பியைவிட முறுக்கேறிய வெறுங்கம்பி நன்றாகப் பாடும். 2.5 மில்லிமீட்டர் கம்பியில் விநாடிக்கு 5 மீட்டர் காற்றடித்தால் அதன் பின்னால் எழும் சுழல்கள் விநாடிக்குச் சுமார் 400. கம்பியின் இயல்பான அதிர்வு அதற்குப் பக்கத்தில் இருந்தால் ஓசை சட்டென்று பெருகும். காற்று வலுத்தால் சுருதி ஏறும், மெல்லிய கம்பியிலும் ஏறும். பீசோவைக் கம்பத்தை ஒட்டிய முனையில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பஞ்சு வைத்த இருபக்க டேப் உச்ச ஓசைகளைக் குடித்துவிடும். தொங்கவிட்டால் கடகடக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேற்கு மலையடிவாரத் தோப்புகளில் யானைக்காகச் சோலார் வேலி போட்டிருப்பார்கள். அதில் பல ஆயிரம் வோல்ட் துடிப்பு ஓடும். கம்பத்துக்குக் கம்பம் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் தெரிந்தால் அந்த வேலியையும் அதை ஒட்டிய கம்பியையும் தொடவே கூடாது. மற்ற வேலியானாலும் தோப்புக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். ஆரியங்காவு ரயில் ஓசை வேண்டுமானால் தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147இன்படி அத்துமீறலுக்கு 6 மாதம் வரை சிறையோ 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தேசிய நெடுஞ்சாலை 744 ரயில் பாதையை ஒட்டியே போகிறது. கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தின் ஓசையைச் சாலையோரத்திலிருந்தே எடுக்கலாம். வண்டி வருவதற்கு மூன்று நிமிடம் முன்பே தொடங்கி, போய் மூன்று நிமிடம் கழித்து நிறுத்துங்கள். அந்த வால்பகுதியில்தான் பள்ளத்தாக்கின் எதிரொலி இருக்கும்.

இனி சேட்டன். கிளிக் ஒத்துவராததற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. செண்டை மேள வகைகளில் ஒன்றான பஞ்சாரி மேளம், காலம் எனப்படும் ஐந்து கட்டங்களில் 96, 48, 24, 12, 6 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று சுற்றுச் சுருங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு காலத்துக்குள்ளும் வேகம் மெல்ல ஏறும். மாறாத கிளிக்கை அதன்மேல் போடுவது மேளத்தின் உயிரை எடுப்பது. அவரைக் கிளிக் இல்லாமல் வாசிக்கவிடுங்கள், தாளம் பிடிக்க ஓர் இலைத்தாளக்காரரையும் (வெண்கலத் தாளம் தட்டுபவர்) அழைத்துவரச் சொல்லுங்கள். முதல் முயற்சிக்கு 24 அல்லது 12 அட்சரக் காலம் போதும். பிறகு மென்பொருளில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் டெம்போ மார்க்கர் (வேகம் மாறும் இடத்தைக் குறிக்கும் அடையாளம்) வைத்து, உங்கள் காற்றுத் துண்டுகளை அந்தச் சுற்றுக்கு ஏற்ப நீட்டியோ குறுக்கியோ வையுங்கள். செண்டையை நீட்டாதீர்கள். கோல் விழும் அந்தக் கூர்மை குழைந்துபோகும். காற்றுக்கு அப்படியொரு முனை கிடையாது, எவ்வளவு நீட்டினாலும் தாங்கும்.

பதியும்போது மைக் செண்டையிலிருந்து 3 மீட்டர் தள்ளி, தலை உயரத்தில் இருக்கட்டும். சின்ன அறை வேண்டாம், சுவர்கள் ஓசையைத் திருப்பி அடித்துக் காது கூசும். திறந்த முற்றமோ தோப்போ நல்லது. இலைத்தாளத்தை இன்னும் பின்னால் நிறுத்துங்கள். அளவு வைக்க முதலில் 6 அட்சரக் காலத்தை முழு வேகத்தில் வாசிக்கச் சொல்லி, மிகப் பலமான அடி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மெதுவான காலத்துக்கு அளவு வைத்தவர்களுக்குக் கடைசிக் காலம் கிழிந்துதான் கிடைக்கும்.

கோப்புகளை வாட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பிக்கொள்ளாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எல்லாக் கோப்பும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும், எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 44.1இல் பதிந்ததை மாற்றாமல் 48 என்று திறந்தால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும்.

உரிமையில் இரண்டு கிளைகள் உண்டு: இசையமைப்பு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. பஞ்சாரியின் கட்டமைப்பு மரபுக்குச் சொந்தம், நீங்களும் சேட்டனும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அவர் வாசித்த வாசிப்புக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞர் உரிமை இருக்கிறது. இசைத் துண்டின் வடிவத்தை இருவரும் சேர்ந்து உருவாக்கினால் பாதிக்குப் பாதி என்பதே நியாயம் என்று கருதுகிறோம். இலைத்தாளக்காரருக்கு அன்றைக்கே கூலி கொடுத்துவிடுங்கள், அவர் பெயரும் பட்டியலில் வரட்டும். பங்கு எவ்வளவு, யார் பதிவேற்றுவது, ஒருவர் மனம் மாறினால் எப்படி விலகுவது, படங்களை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதை ஒரே தாளில் மலையாளத்திலும் தமிழிலும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பதிவு நாளுக்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். ஆல்பக் குறிப்பில் 'இரு பண்பாடுகளின் சங்கமம்' என்று மட்டும் எழுதாதீர்கள். செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது. உங்கள் ஊருக்குச் செண்டை அந்நியமல்ல.

அட்டைப்படத்துக்குச் சூரியகாந்தி வேண்டாம். படம் அழகாக இருக்கலாம், ஆனால் உங்கள் இசையில் அந்தப் பூ இல்லை. கம்பி, அதில் நிற்கும் நீர்த்துளி, செண்டையின் தோல், கோல் பட்டுத் தேய்ந்த இடம் இவற்றை அருகில் போய் எடுங்கள். ஆல்பத் தளங்கள் வழக்கமாகக் கேட்பது 3000க்கு 3000 பிக்சல் சதுரம். 12 மெகாபிக்சல் போன் 4000க்கு 3000 தருகிறது, பக்கவாட்டில் வெட்டினால் அளவு சரியாக அமையும். டிஜிட்டல் ஜூம் மட்டும் தொடாதீர்கள். மூடுபனியில் போன் படத்தைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை ஏற்றிப் பூட்டுங்கள். கோலின் வீச்சு கோடாக இழுபட வேண்டுமானால் சாயங்கால வெளிச்சத்தில், போனை ஸ்டாண்டில் நிறுத்தி, விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு ஷட்டர் வையுங்கள். சேட்டனின் முகம் வரும் படமென்றால் அவர் தேர்ந்ததையே போடுங்கள். முடித்த படத்தை இரண்டு சென்டிமீட்டருக்குச் சுருக்கிப் பாருங்கள், என்னவென்று புரியவில்லை என்றால் இன்னும் அருகில் போய் எடுக்க வேண்டும். படத்தின்மேல் இணைய முகவரி, சமூக ஊடகப் பெயர் எதுவும் எழுதாதீர்கள், விநியோகஸ்தர்கள் அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள்.