ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிரைவரை லினக்ஸ் கர்னலிலிருந்து ஏன் நீக்குகிறார்கள்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறை கொண்ட ஹார்ட் டிஸ்க் புதிய லினக்ஸில் ஓடாதா, அதை இயக்கும் நிரலான டிரைவர் ஓரமாக இருந்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓரமாக இருக்காது என்பதுதான் சிக்கல். லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் உள் அமைப்பு மாறும்போதெல்லாம், அதை நம்பியிருக்கும் டிரைவர்களையும் யாராவது திருத்த வேண்டும். அந்த வன்பொருள் கையில் இல்லாதவர் திருத்தினால் நிரல் கம்பைல் ஆகும், அதாவது இயங்கும் வடிவத்துக்கு மாறும். வேலை செய்யுமா என்று சோதிக்க முடியாது. பாதுகாப்பு ஓட்டை இருந்தாலும் பார்க்க ஆளில்லை. என்னைக் கேட்டால், நீக்குவதே பயனருக்குச் செய்யும் நேர்மை.

உங்கள் டிஸ்க்குக்குப் பயமில்லை. 2021-இல் 5.14 பதிப்பில் பழைய ஐடிஇ நிரலை எடுத்தபோது, கர்னலிலேயே உள்ள லிப்ஏடிஏ என்ற புதிய நிரல் அந்த வேலையைப் பல ஆண்டுகளாகவே செய்துவந்தது. லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்தான் மாறும்: எச்டிஏ (hda) என்பது எஸ்டிஏ (sda) ஆகும். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் பழைய பெயர் இருந்தால் பூட் பாதியில் நின்றுவிடலாம். அங்கே பெயருக்குப் பதில், டிரைவர் மாறினாலும் மாறாத அடையாளக் குறியான யுயுஐடி (UUID) போட்டுவிடுங்கள்.