தொட்டு அளப்பதா, ஒளியால் அளப்பதா? கண்புரை அறுவைக்கு முந்தைய கண் அளவு

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. வலது கண்ணில் புரை. ஒரு மருத்துவமனையில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, பேனா போன்ற கருவியால் கண்ணைத் தொட்டு அளந்தார்கள். கண்ணின் நீளம் 22.94 மி.மீ., புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் 22 என்றார்கள். இன்னோர் இடத்தில் தொடாமலே ஒரு கருவிக்குள் பார்க்கச் சொல்லி அளந்து, 23.21 மி.மீ., பவர் 21.5 என்றார்கள். எதை நம்புவது?

பதில்: இந்த வித்தியாசத்தை வைத்து எந்த மருத்துவமனையையும் சந்தேகிக்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு முறையில் எடுத்த அளவுகள். ஒன்றாக இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், தயங்காமல் இரண்டாவதையே, அதாவது ஒளியால் அளந்ததையே எடுப்பேன்.

முதல் முறையின் பெயர் ஏ-ஸ்கேன். கருவிழியின் மேல் வைத்த முனையிலிருந்து கேளா ஒலி உள்ளே சென்று, விழித்திரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துக் கண்ணின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். கருவிழி மென்மையானது. முனை சற்றே அழுந்தினாலும் அது உள்வாங்கிவிடும், 0.1 முதல் 0.3 மி.மீ. வரை நீளம் குறைந்து பதிவாகும். கண் குட்டை என்று கருவி எண்ணிக்கொண்டு கூடுதல் பவர் லென்ஸைச் சொல்லும். அதைப் பொருத்தினால் அறுவைக்குப் பின் கிட்டப்பார்வை வந்துவிடும். சராசரிக் கண்ணில் நீளம் 1 மி.மீ. பிழைத்தால் கண்ணாடி பவர் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் (பவரின் அலகு) மாறிப்போகும் என்பதால், கால் மி.மீ. கூட அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. கை பழகியவர்கள் பல முறை அளந்து, அழுந்திய அளவுகளை ஒதுக்கிவிடுவார்கள். அவர்கள் எடுக்கும் ஏ-ஸ்கேனைக் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு அளவுகளும் வேறுபட இன்னொரு காரணமும் உண்டு. ஒலி விழித்திரையின் உட்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. ஒளி அதைத் தாண்டி, அடியிலுள்ள நிறமி அடுக்கு வரை போகிறது. அதனால்தான் ஒரே லென்ஸுக்கு ஒலி அளவுக்கு ஒரு மாறிலியும் (கணக்கில் சேர்க்கும் நிலையான எண்) ஒளி அளவுக்கு வேறொரு மாறிலியும் வைத்துப் பவரைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் அப்பாவின் நீளங்களில் உள்ள 0.27 மி.மீ. வித்தியாசம் பவரில் அரை டயாப்டராகக் குறைந்து நிற்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே ஓர் இடத்து நீளத்தைக் கொண்டுபோய் இன்னோர் இடத்தில் கொடுத்து, இதை வைத்தே பவர் போடுங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒளியால் அளக்கும் கருவிகள் 1999 வாக்கில் வந்தன. நோயாளி ஒரு ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பார்க்கும் திசையிலேயே நீளம் அளக்கப்படுகிறது. கடும் கிட்டப்பார்வையில் கண்ணின் பின்சுவர் பிதுங்கியிருக்கும். அங்கே ஒலி அளவு பார்வை மையத்தை விட்டுப் பிதுக்கத்தின் ஆழத்தைக் காட்டிவிடலாம். முன்பு விழித்திரை அறுவையில் சிலிக்கான் எண்ணெய் நிரப்பப்பட்ட கண்ணிலும் ஒளியே மேல். அந்த எண்ணெயில் ஒலி மிக மெதுவாகச் செல்வதால், வேகத்தைத் திருத்தாவிட்டால் கண் உள்ளதைவிட நீளமாகத் தெரியும்.

ஆனால் புரை நன்றாக முற்றியிருந்தால் ஒளி ஊடுருவாது. நிலையாகப் பார்க்க முடியாதவர்களுக்கும் இம்முறை சரிப்படாது. அப்போது கண்ணின் மேல் சிறு கிண்ணம் வைத்து உப்புநீர் நிரப்பி, முனை கருவிழியில் படாமல் எடுக்கும் ஏ-ஸ்கேன் உண்டா என்று கேளுங்கள். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் பல இடங்களில் செய்வதில்லை. எனக்கு இது வருத்தம் தரும் விஷயம். முற்றிய புரையுள்ளவருக்குத்தான் அது மிகவும் தேவை.

நீளத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், கருவிழியின் வளைவை மறந்துவிடுகிறோம். அதில் ஒரு டயாப்டர் பிழைத்தால் லென்ஸ் பவரிலும் ஏறத்தாழ அவ்வளவே பிழைக்கும். கண் வறண்டிருந்தால் வளைவின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும். முதலில் வறட்சிக்கு மருத்துவம் செய்துகொண்டு அளப்பதே சரி. காண்டாக்ட் லென்ஸ் அணிபவர் மென்மையான வகையென்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமான வகையென்றால் மூன்று வாரமாவது கழற்றி வைத்திருக்க வேண்டும். கண்ணாடியைத் தவிர்க்க லேசரால் கருவிழியின் வளைவை மாற்றும் லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவருக்கான கணக்கே வேறு. மரத்துப்போகும் சொட்டு மருந்தும், தொட்டு அளக்கும் கண் அழுத்தப் பரிசோதனையும் கருவிழிப் பரப்பைக் கலைத்துவிடும் என்பதால், ஒளி அளவை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஒளி அளவு கிடைத்திருப்பதால் அதையே அடிப்படையாகக் கொள்ளலாம். அந்த அளவு எத்தனை முறை எடுக்கப்பட்டது, இடது கண்ணின் நீளம் என்ன என்று மட்டும் கேளுங்கள். இரு கண்களுக்கும் இடையே 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுபடி அளக்கச் சொல்லலாம். அளவுத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் இடது கண்ணுக்கு அறுவை வந்தால், வலது கண் முடிவில் எந்தக் கண்ணாடி பவரில் நின்றது என்பதோடு அந்தத் தாளையும் மருத்துவரிடம் காட்டினால், அடுத்த லென்ஸை அவர் இன்னும் நுட்பமாகத் தேர்ந்தெடுப்பார்.