நாமளே ஓட்டுற போட்

கேள்வி: ஃபேமிலியோட ஆத்துல ஒரு நாள் ஜாலியா சுத்த சின்ன மோட்டார் போட் வாடகைக்கு எடுக்கப் போறோம், டிரைவர் கிடையாது, நாங்கதான் ஓட்டணும். எங்கள்ல யாருக்கும் பழக்கமில்ல. எதை கவனிக்கணும்?

பதில்: தாராளமா போங்க, ஆனா போட்டுக்கு பிரேக் கிடையாதுங்கறத மட்டும் மறந்துடாதீங்க, இன்ஜினை ஆஃப் பண்ணாலும் அது பாட்டுக்கு போய்ட்டே இருக்கும், நிறுத்தணும்னா முன்னாடியே வேகத்த குறைச்சு ரிவர்ஸ் கொடுக்கணும். பின்னாடி கைப்பிடி வெச்சு திருப்புற போட்னா கைப்பிடிய வலது பக்கம் தள்ளினா போட் இடது பக்கம் திரும்பும், கிளம்புறதுக்கு முன்னாடி கரையோரமாவே கொஞ்ச நேரம் ஓட்டிப் பழகிக்கோங்க. ரொம்ப முக்கியமா, முதல்ல நீரோட்டத்துக்கு எதிரா போங்க, திரும்பி வர்றப்ப எல்லாரும் களைச்சிருப்பீங்க, அப்ப தண்ணியே இழுத்துட்டு வந்துடும், பேட்டரி போட்னா இது இன்னும் அவசியம், ஏன்னா ஃபுல் ஸ்பீடுல சார்ஜ் சட்டுனு இறங்கிடும். கரைல ஒதுங்குறப்பவும் நீரோட்டத்தைப் பார்த்த மாதிரியே மெதுவா வாங்க, கால நீட்டி தடுக்க மட்டும் யாரையும் விடாதீங்க, நசுங்கிடும். தடுப்பணை பக்கமே போகாதீங்க, ஆத்தோட மேல் பக்கத்துல இருந்து வர்றப்ப தண்ணி கீழ விழறதே கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிஞ்சாலும் லைஃப் ஜாக்கெட் எல்லாரும் போடணும், குழந்தைங்களுக்கு அவங்க சைஸ்ல கேட்டு வாங்குங்க. ஓட்டுறவர் உடம்புல மாட்டிக்கற இன்ஜின் கட் ஆஃப் கயிறு (அவர் தவறி விழுந்தா இன்ஜினை நிறுத்திடும்) இருக்கான்னும் பாத்துக்கோங்க.