இரண்டு வாலா, ஒரு வாலா?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் சுவா சூ காங்கிலிருந்து எழுதுகிறேன். 2024 அக்டோபரில் மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்ததே, அதில் என் தங்கை இருந்தாள். மறுநாள் ஊரில் அம்மா படித்த தலைப்பு: ‘நடுவானில் சுற்றி வளைத்த போர் விமானங்கள்! மரண பீதியில் பயணிகள்!’ தங்கையோ பாதி நேரம் தூங்கிவிட்டாளாம். ஏதோ தாமதம் என்றுதான் நினைத்தாளாம். அம்மா இன்றுவரை அவளை விமானம் ஏற விடமாட்டேன் என்கிறார். அம்மாவுக்கு வரும் பேப்பரை நிறுத்திவிடலாமா? எந்தப் பத்திரிகையைத்தான் நம்புவது? அந்தச் செய்தியைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். இவர்கள் லட்சணம் தெரியட்டும் என்று எங்கள் குடும்பக் குழுவிலும் போட்டேன். அதிலிருக்கும் விமானப் படம்கூடத் தப்பு என்கிறார்கள், அது போகட்டும்.

சரவணன்

*

அன்புள்ள சரவணன்,

தங்கை தூங்கிக்கொண்டு வந்தாள் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நல்ல பெண். நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்களிடம்தான் கோபம். கேவலமான செய்தி என்று சொல்லிக்கொண்டே அதைக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறீர்கள். அம்மா அந்தக் குழுவில் இல்லையா? பேப்பர்காரர் ஒரு தடவை பயமுறுத்தினார், நீங்கள் இரண்டாவது தடவை. இதில் பத்திரிகை தர்மம் வேறு!

போகட்டும் என்று ஒரே வரியில் படத்தை விட்டுவிட்டீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். சில நாட்களாகவே இது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று இரவு சிங்கப்பூர் ஆகாயப் படை அனுப்பியவை இரண்டு எஃப்-15எஸ்ஜி போர் விமானங்கள். அப்போதைய தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் அன்றே அதைச் சொல்லிவிட்டார். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது எஃப்-16. எஃப்-15க்கு எஞ்சின் இரண்டு, நிமிர்ந்து நிற்கும் வாலும் இரண்டு. எஃப்-16க்கு எல்லாமே ஒன்றுதான், காற்றை இழுக்கும் வாய் வயிற்றுக்கு அடியில் இருக்கும். தேசிய தினத்தன்று அண்ணாந்து பார்க்கிற சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். இரண்டு வரை எண்ணாத ஒருவர், விமானத்துக்குள் இருந்தவர்களின் பீதியை மட்டும் எப்படி அளந்தார்?

சுற்றி வளைத்தார்களாம்! குண்டு இருந்தால் வீடுகள் இருக்கும் பக்கம் வந்துவிடக் கூடாதென்று, குடியிருப்புகளிலிருந்து விலக்கிக் கூட்டிவரப் போன விமானங்கள் அவை. பத்து மணி தாண்டியதும் சாங்கியில் பத்திரமாக இறங்கியாயிற்று. கிழக்குக் கோடி சாங்கியிலிருந்து மேற்குக் கோடி துவாஸ் வரை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். போர் விமானத்துக்கு அது மூன்று நான்கு நிமிடப் பாதை. யோசிக்க நேரம் கிடைக்காத ஊர் என்பதால் யோசனையை முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறார்கள். 2008 ஜனவரியில் தாய்லாந்தின் கோ சாமுயிலிருந்து ஒரு சின்ன செஸ்னா விமானம் அனுமதியில்லாமல் நுழைந்தபோதும் எஃப்-16கள்தான் போய் எதிர்கொண்டன. சாங்கியை 50 நிமிடம் மூடினார்கள். அன்றும் யாரும் யாரையும் சுடவில்லை.

என் அப்பா சிலேத்தார் தளத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்கு ஃபிட்டராக இருந்தவர். ஜாலான் காயுவில் வீடு. அவர் கைபட்டது பெவர்லி என்ற சரக்கு விமானம். நாலு எஞ்சின், நாலும் விசிறி சுற்றுகிற ரகம், சக்கரத்தை உள்ளே மடக்கவே முடியாது. இந்தோனீசியாவோடு மோதல் நடந்த காலத்தில் போர்னியோ காட்டுக்குள் இருந்த வீரர்களுக்குப் பாராசூட்டில் சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு பேப்பர் அதைச் ‘சீறிப் பாய்ந்த ஜெட் போர் விமானம்’ என்று எழுதியது. பரோட்டாக் கடையில் அப்பா அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட, கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வேலை முடிந்தால் பெட்டியைத் திறந்து ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எண்ணி வைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் விமானம் நகராது. ஒருமுறை ஒரு ஸ்க்ரூடிரைவரைக் காணவில்லையென்று விடிய விடிய டார்ச் அடித்து எஞ்சினுக்குள் தேடியிருக்கிறார்கள். கடைசியில் அது சார்ஜன்ட்டின் சட்டைப் பையில் இருந்ததாம்! அந்த மனிதரிடம் போய், பேப்பரில் சின்னத் தப்புத்தானே என்று யார் சொல்வது?

ஊதிப் பெருக்குகிறவர்கள் நிஜமான சுவாரஸ்யத்தைக் கோட்டைவிடுகிறார்கள். என் வயிற்றெரிச்சல் அதுதான். 2024 மே 8ஆம் தேதி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், தெங்கா தளத்தில் ஒரு எஃப்-16 புறப்படும்போதே விழுந்தது. விமானி வெளியேறித் தப்பித்தார். அன்று எத்தனை ‘திகில்’, எத்தனை ‘மயிரிழை’! அதே மாதம் தற்காப்பு அமைச்சு காரணத்தைச் சொன்னபோது அந்த ஆர்ப்பாட்டக்காரர்களைக் காணவே காணோம். மூக்கு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது என்று கணினிக்குச் சொல்ல அந்த விமானத்தில் மூன்று முதன்மை ஜைரோஸ்கோப்கள் உண்டு. ஒன்று பழுதானால் கணினி அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் நம்பும். அன்றைக்கு இரண்டு ஒரே நேரத்தில் பழுதாகி ஒரே மாதிரித் தப்பாகச் சொல்லிவிட்டன. கணினி என்ன செய்யும்? பஞ்சாயத்தில் இரண்டு பேர் ஒரே பொய்யைச் சொன்னால் உண்மை சொன்ன மூன்றாமவன்தானே பொய்யனாவான்? சரியாகச் சொன்ன ஜைரோஸ்கோப்பை ஒதுக்கிவிட்டது. மிக மிக அபூர்வமான கோளாறு. எத்தனை ‘திகில்’ போட்டாலும் இதற்கு ஈடாகுமா? அதற்கு நாலு வரி இடமில்லையாம்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1941இல் பிரிட்டிஷாரின் தூரகிழக்குத் தளபதி புரூக்-போபம், மலாயாவுக்கு பஃபலோ என்ற போர் விமானமே போதும் என்று மார்தட்டினார். ஜப்பான்காரன் விமானமா, அதெல்லாம் ஒரு விமானமா என்று பேசித் திரிந்தார்கள். டிசம்பர் 8 விடியற்காலையில் சிங்கப்பூரில் ஜப்பானியர் குண்டு விழுந்தபோது தெருவிளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. 61 பேர் செத்தார்கள். அப்புறம் ஜப்பானியரின் போர் விமானங்களுக்கு முன்னால் பஃபலோ பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பீதியைக் கிளப்புவதும் வீறாப்பு பேசுவதும் ஒரே சோம்பேறித்தனம்தான் சரவணன். இரண்டிலுமே யாரும் விமானத்தைப் பார்ப்பதில்லை.

எந்தப் பத்திரிகையை நம்புவது என்ற கேள்விக்கு இன்று எனக்குத் தெம்பில்லை. அம்மாவின் பேப்பரில் மட்டும் கைவைக்காதீர்கள். அதில் அவருக்குத் தங்கம் விலை இருக்கிறது, கோயில் விசேஷம் இருக்கிறது, யார் தவறிவிட்டார்கள் என்கிற சேதி இருக்கிறது. அதை நிறுத்த நீங்கள் யார்? வேண்டுமானால் நானே அவரிடம் பேசுகிறேன், எண்ணை அனுப்புங்கள். மதுரையில் ஏழு மணி என்றால் இங்கே ஒன்பதரை. அதற்கு மேல் வேண்டாம், தூங்கிவிடுவேன்.

அன்புடன்.