கேள்வி-பதில்: "இதுக்கு எத்தனை ஸ்டார்?"

கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் பள்ளி திறந்ததும் டில்லித் தமிழ்ப் பெற்றோரிடமிருந்து வழக்கமாக வருவது டியூஷன் பற்றிய கேள்விகள்தான். இந்த முறை பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று கேட்டவர்களே அதிகம். தொடக்கப் பள்ளி வகுப்புகள் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

*இரண்டாம் வகுப்புப் பையன். அன்பாக நடந்துகொள்ளும் பிள்ளைக்கு வாராவாரம் ஸ்டார் ஸ்டிக்கர் கொடுக்கிறார்கள். இப்போது மேடம் பார்த்தால்தான் உதவுகிறான். வீட்டில் தட்டை எடுத்து வைத்தாலும் "இதுக்கு எத்தனை ஸ்டார்?" என்கிறான். (தாய், மயூர் விஹார்)*

பையன் மேல் தப்பில்லை. நாம் சொல்லிக்கொடுத்த கணக்கைத்தான் அவன் போடுகிறான். 1973-ல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, சிலருக்கு மட்டும் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். பிறகு பரிசு இல்லாத நாட்களில் பேனாவைத் தொட அதிகம் ஆர்வம் காட்டாதவர்கள் அந்தச் சான்றிதழ்க் குழந்தைகள்தான். 2008-ல் உளவியல் ஆய்வாளர்கள் வார்னெக்கன், டொமசெல்லோ இருவரும் ஜெர்மனியில் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தபோதும் அப்படித்தான். உதவியதற்குப் பொருள் வாங்கிய குழந்தைகள் அடுத்த தடவை குறைவாகவே உதவினார்கள். வாய்வார்த்தையாகப் பாராட்டு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

மேடமோடு சண்டை போட வேண்டாம். நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கிறவருக்கு ஸ்டிக்கர் ஒரு கைத்தடி. வீட்டில் மட்டும் அதை நுழைய விடாதீர்கள். அவன் தட்டை எடுத்து வைத்தால், "நீ எடுத்து வச்சதால பாட்டி குனியாம உட்கார்ந்து சாப்பிட்டாங்க" என்று சொல்லுங்கள். தான் செய்தது யாருக்கு எப்படிப் பயன்பட்டது என்று தெரிந்தால் போதும். "நல்ல பிள்ளை" பட்டமெல்லாம் தேவையில்லை.

*மகள் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஈ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு) ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட வேண்டாம் என்று பெற்றோர் குரூப்பில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களோடு பழகினால் படிப்பு கெடும் என்கிறார் ஒருவர். என்ன சொல்வது? (தாய், துவாரகா)*

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். உங்கள் குரூப்பில் இருப்பவர்கள் பேசுவது டில்லியில் ஏற்கெனவே அளந்து பார்க்கப்பட்ட விஷயம்.

2009-ன் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியது. டில்லியில் அதற்கு முன்பே, 2007 முதல், பல தனியார் பள்ளிகள் இப்படி இடம் கொடுக்க வேண்டியிருந்தது. பொருளாதார ஆய்வாளர் கௌதம் ராவ் அதைப் பயன்படுத்திக்கொண்டார். ஏழை வகுப்புத் தோழர்களோடு படித்த வசதியான பிள்ளைகளையும், அப்படிப் படிக்காதவர்களையும் ஒப்பிட்டார். ஆய்வு 2019-ல் வெளியானது. சேர்ந்து படித்தவர்கள் தாராளமாகப் பகிர்ந்தார்கள், தொண்டு வேலைக்கு முன்வந்தார்கள். ரிலே ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, நன்றாக ஓடும் ஏழைப் பிள்ளையை விட்டு மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையை எடுக்கும் பழக்கம் அவர்களிடம் குறைந்திருந்தது. படிப்பு? ஆங்கில மதிப்பெண்ணில் சின்னச் சரிவு, இந்தியிலும் கணக்கிலும் ஒன்றுமில்லை. குரூப்பில் இதை அப்படியே போடுங்கள், ஆங்கில விஷயத்தையும் மறைக்காமல்.

எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் வேறு. சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகர வரிசைப்படி பிரித்திருந்தார்கள். யார் பக்கத்தில் யார் என்பதைப் பெயரின் முதலெழுத்து முடிவு செய்தது. பிள்ளைகளிடம் வந்த மாற்றத்தில் பெரும்பங்கு அப்படி ஒரே குழுவில் உட்கார்ந்து சேர்ந்து வேலை செய்ததால் வந்தது. அன்பு வாரம், அசெம்பிளிப் பேச்சு, சார்ட் பேப்பர் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஒதுக்கீட்டுப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைப்பதும் தனி நேரத்தில் பாடம் நடத்துவதும் விதிப்படி கூடாது. உங்கள் பள்ளியில் எப்படி என்று அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் கேளுங்கள்.

பிறந்தநாளுக்கு வருவோம். கூப்பிட்டால் வகுப்பு முழுவதையும் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நாலு நெருங்கிய தோழிகளை மட்டும். முப்பது பேரை அழைத்து ஆறு பேரை விடுவதுதான் குத்தும். செலவு பயமுறுத்தினால் பக்கத்துப் பார்க்கில் ஞாயிறு காலை வைத்துக்கொள்ளலாம். ரிட்டர்ன் கிஃப்ட் வேண்டவே வேண்டாம். பதிலுக்கு நாமும் ஏதாவது வாங்க வேண்டுமே என்று சில வீடுகளில் பிள்ளையை அனுப்பாமலே இருந்துவிடுவார்கள்.

*சண்டை போட்டால் "சாரி" சொல்ல வைக்கிறேன். போதுமா? (ஆசிரியை, லாஜ்பத் நகர்)*

போதாது. உடைத்த பென்சிலுக்குப் பதில் பென்சில், தட்டிவிட்ட டிஃபனுக்குத் தன் டிஃபனில் பாதி. சாரி அப்புறம் தானாக வரட்டும்.

*கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தோம். நான்காம் வகுப்பு மகனுக்கு இந்தி தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. தயிர்சாதத்தைப் பார்த்து "மதராசி" என்று சிரிக்கிறார்களாம். தனியாகவே சாப்பிடுகிறான். (தந்தை, ராமகிருஷ்ணபுரம்)*

முதலில், உங்கள் மனைவியை பராத்தா கட்டிக்கொடுக்கச் சொல்லாதீர்கள். (நீங்கள் கட்டிக்கொடுப்பதாக இருந்தாலும் அதே பதில்தான்.) சாப்பாட்டை மாற்றினால் சிரித்தவர்கள் சொன்னது சரி என்றாகிவிடும். வாரம் ஒரு நாள் எலுமிச்சை சாதமோ முறுக்கோ இரண்டு பேருக்குக் கூடுதலாக வைத்து அனுப்புங்கள். கூடவே, சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார வாரத்துக்கு ஒருவர் என இரண்டு மூன்று பிள்ளைகளை க்ளாஸ் டீச்சர் ஏற்பாடு செய்யட்டும். ஒரே பிள்ளைமேல் அந்தப் பொறுப்பைச் சுமத்தினால் சீக்கிரம் சலித்துவிடும்.

டீச்சரிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தபோது, உளவியலாளர் எலியட் அரன்சன் பாடத்தைத் துண்டு துண்டாக்கி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். முழுப்பாடமும் புரிய வேண்டுமென்றால் எல்லோர் வாயையும் எல்லோரும் பார்க்க வேண்டும். நதிகள் பாடத்தில் இதைச் செய்வது சுலபம். ஐந்து பேர் குழுவில் ஒருத்திக்கு யமுனோத்ரி, இன்னொருவனுக்கு வசீராபாத் முதல் ஓக்லா வரை டில்லிக்குள் ஓடும் 22 கிலோமீட்டர், மற்றொருவனுக்கு பிரயாக்ராஜில் கங்கையோடு சேரும் இடம், நாலாவது பிள்ளைக்கு நர்மதை. உங்கள் மகனுக்குக் காவிரி. தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை படம் வரைந்து, தெரிந்த இந்தியில் நாலு வரி சொல்லட்டும். அவன் சொல்லாவிட்டால் அந்தக் குழுவின் தாளில் ஒரு கேள்வி காலியாக நிற்கும். அப்போது யாரும் சிரிக்க மாட்டார்கள். "மெதுவா சொல்லு" என்பார்கள்.

*பிள்ளைகளை வகுப்பைப் பெருக்க விடலாமா? ஒரு அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். (ஆசிரியை, கரோல் பாக்)*

விடலாம், விட வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் யார் கையில் துடைப்பம் போகிறது என்பதில் நம் நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஏழைப் பிள்ளையை, ஒரு குறிப்பிட்ட சாதிப் பிள்ளையை, பெண் பிள்ளையைத்தான் கண் தேடும். அதனால் முறை வரிசையை சுவரில் ஒட்டுங்கள், அதில் உங்கள் பெயரும் இருக்கட்டும். அதிகாரி வீட்டுப் பையனுக்கும் அவன் முறை வரட்டும். தண்டனையாக ஒருநாளும் கொடுக்காதீர்கள், கொடுத்த அன்றே அது இழிவான வேலையாகிவிடும். கழிப்பறைப் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. செடிக்குத் தண்ணீர், லைப்ரரி அலமாரி, வராத பிள்ளைக்கு ஹோம்வொர்க் எழுதி வைப்பது என்று மற்ற வேலைகளும் அதே பட்டியலில் சுழல வேண்டும். அந்த அப்பாவைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

*ஒரு பையன் தினமும் பேத்தியின் பையைப் பிடுங்குகிறான். "திருப்பி அடி" என்கிறான் என் மகன். டீச்சரிடம் சொன்னால் கோள்மூட்டி என்கிறார்களாம். (பாட்டி, ஜனக்புரி)*

மகனிடம் சொல்லுங்கள்: திருப்பி அடித்தால் மாட்டப்போவது பேத்திதான். பையைப் பிடுங்கும்போது சுற்றி நின்று சிரிப்பவர்கள்தான் அந்தப் பையனுக்குத் தெம்பு. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில், பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரையொருவர் வம்பு செய்வதைத் தடுக்க உருவான கீவா திட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. பார்த்துக்கொண்டு நிற்பவர்களை மாற்றினால் பிடுங்குபவனுக்கு மேடையே இல்லாமல் போகிறது. பேத்தியோடு நல்லபடியாக இருக்கும் இரண்டு பிள்ளைகள் அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்றால் போதும், ஒன்றும் பேச வேண்டாம். இதை டீச்சர் அந்த இருவரிடமும் தனியாகப் பேசி ஏற்பாடு செய்யலாம்.

கோள் விஷயத்தில் வகுப்புக்கு ஒரு அளவுகோல் கொடுக்கலாம். ஒருவரை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள். ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது அப்படியல்ல. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். அந்தப் பையனை வெயிலில் நிற்க வைத்தாலோ அடித்தாலோ அதையும் ஆதரிக்காதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. விஷயம் அடி, மிரட்டல் என்று போய், பள்ளியும் காது கொடுக்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

*ரிடையர் ஆகிவிட்டேன். பேரன் படிக்கும் பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசை. (தாத்தா, முனிர்க்கா)*

போய்க் கதை சொல்லுங்கள். தலைமை ஆசிரியரிடம் கேட்டு அனுமதி வாங்குங்கள், அடையாள அட்டை கேட்டால் முகம் சுளிக்காதீர்கள், வகுப்பில் டீச்சர் கூடவே இருக்கட்டும். தமிழ்க் கதையை இந்தியில் சொல்லத் தடுமாறினால் பேரனை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், அவனுக்கும் பெருமை. ஆரம்பத்தில் ஒரு வகுப்பு போதும். இருபது நிமிடத்தைத் தாண்டாதீர்கள், மூன்றாம் வகுப்பு அதற்குள் நெளிய ஆரம்பித்துவிடும்.