திருநெல்வேலி போன்ற ஊரில் அயல்மொழிக் கற்பித்தலை ஆசிரியர் சங்கமும் மாணவர் போட்டியும் உண்மையில் வளர்க்குமா?

பாளையங்கோட்டையில் பதினான்கு ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பித்து வருகிறேன். வளர்க்கும் என்பதே என் பதில். ஆனால் போட்டியில் எதற்கு மதிப்பெண் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ பெரும்பாலும் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருப்பார். வினாத்தாளைச் சரிபார்த்துத் தரவோ, உச்சரிப்பைத் திருத்தவோ, ஏன், அம்மொழியில் நாலு வார்த்தை பேசிப் பார்க்கவோகூட ஆசிரியர் அறையில் அவருக்குத் துணை கிடையாது. அதனால்தான் வள்ளியூர், தென்காசி, தூத்துக்குடி ஆசிரியர்களுமாகச் சேர்ந்து ஐந்தாறு பேர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடத் தொடங்கினோம். பதிவு எண்ணோ முத்திரையோ இல்லாத அந்தக் கூட்டத்தைச் சங்கம் என்பது சற்று மிகைதான்.

சங்கமும் படிநிலைத் தேர்வும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1918-இல் தொடங்கிய தட்சிண பாரத இந்திப் பிரசார சபா, 1968-க்குப் பின் நம் அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கொள்கையே நிலைத்துவிட்ட போதும், வீட்டில் பாடம் நடத்தும் பிரசாரகர்களையும் பிராத்மிக் முதல் பிரவீண் வரையிலான தேர்வுகளையும் கொண்டே மாணவர்களைச் சேர்த்தது. அதன் அரசியலில் எனக்கு உடன்பாடில்லை, வேலைமுறையில் உண்டு. அமெரிக்காவில் 1927-இல் தோன்றிய பிரெஞ்சு ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியப் போட்டியில் மாணவர்களைப் படித்த நிலைவாரியாகப் பிரித்துவிடுவதால், முதலாண்டு மாணவன் நான்காம் ஆண்டு மாணவனோடு மோதித் தோற்று ஒதுங்கும் நிலை வருவதில்லை. அதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் முதல் போட்டி கவிதை ஒப்புவித்தல். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு சீர் பிசகாமல் சொல்லி முடித்தாள். நடுவர் பாராட்டிவிட்டு, அவள் எந்த ஊர் என்று பிரெஞ்சில் கேட்டார். பதில் வரவில்லை. அந்தக் கவிதையைத் தேர்ந்து, மூன்று வாரம் மனப்பாடம் செய்ய வைத்தவன் நான்தான் என்பதால், தலைகுனிய வேண்டியவள் அவளல்லள்.

பிரெஞ்சு மொழித்திறனுக்குப் பிரான்ஸ் அரசு சான்றிதழ் தரும் டெல்ஃப் தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். தொடக்க நிலையிலேயே பேசியாக வேண்டும். பள்ளித் தேர்விலோ தாளில் எழுதுவதற்கே முதலிடம் என்பதால், மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுப்பவர்கள் வாய் திறக்காமலே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆகவே மறு ஆண்டு மனப்பாடத்தை நீக்கிவிட்டு, உள்ளூர்ப் பொருள் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதை ஒரு வெளிநாட்டவருக்கு இரண்டு நிமிடம் விளக்க வேண்டும் என்று வைத்தோம்.

ஒரு சிறுவனுக்குப் பத்தமடைப் பாய் விழுந்தது. கோரைக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாமல் சற்றுத் திகைத்தவன், "ஆற்றங்கரையில் வளரும் புல், காயவைத்து நெய்வார்கள், என் ஆச்சி இதில்தான் படுப்பாள்" என்று தனக்குத் தெரிந்த சொற்களைக் கொண்டே சொல்லி முடித்தான். வினைச்சொற்களில் பாதி பிழை. பரிசு வேறொருவனுக்குப் போனது. அடுத்த கூட்டத்தில் நாங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்து, கேட்பவருக்குப் புரியவைப்பதற்குப் பாதி, இலக்கணத்துக்குக் கால், உச்சரிப்புக்குக் கால் என்று திருத்தி எழுதினோம்.