தட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையை எடுங்கள்

வாசகர் கேள்வி-பதில்: நாய்களுக்கு வரும் குஷிங் நோய்

காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் குஷிங் நோய் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்துப் பார்க்கிறோம். சிறுநீரகத்தை ஒட்டி இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரப்பதுதான் இந்த நோய். அந்தச் சுரப்பைக் குறைக்கக் கொடுக்கும் மருந்துதான் கடிதங்களில் வரும் டிரைலோஸ்டேன். தானாக வரும் குஷிங்கில் நூற்றுக்கு 80 முதல் 85 நாய்களுக்கு மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் சிறு கட்டி காரணம். மற்றவற்றுக்கு அட்ரினலிலேயே கட்டி இருக்கும்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு 11 வயது, எடை 8 கிலோ. டிரைலோஸ்டேன் கேப்சூல் தொடங்கி 12 நாள் ஆகிறது. தண்ணீர் குடிப்பது குறைந்த மாதிரியும் இருக்கிறது, குறையாத மாதிரியும் இருக்கிறது. அளவைக் கூட்டலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: கூட்டவே கூடாது. முதலில் அந்த "மாதிரி"யை எண்ணாக்குவோம்.

காலை 6 மணிக்கு ஒரே ஒரு கிண்ணத்தில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். இடையில் ஊற்றுவதையும் அளந்தே ஊற்றி, எழுதி வையுங்கள். மறுநாள் காலை 6 மணிக்கு மீதியை அளந்து கழியுங்கள். இப்படி 3 நாள் பார்த்துச் சராசரி எடுத்து, நாயின் எடையால் வகுத்தால் கிலோவுக்கு எத்தனை மில்லி என்பது வந்துவிடும். நலமான நாய் பெரும்பாலும் கிலோவுக்கு 50, 60 மில்லியோடு நிறுத்திக்கொள்ளும். 100 மில்லியைத் தாண்டினால் மிகை. உங்கள் 8 கிலோ நாய்க்கு ஒரு நாளில் 400 முதல் 480 மில்லி இயல்பு. 800-க்கு மேல் போனால் நோய் இன்னும் அடங்கவில்லை என்று பொருள்.

நம் பக்கத்து வீடுகளில் இந்தக் கணக்கு பிசகுவது வேறு இடத்தில். வளவு முற்றத்தில் மழைத் தண்ணீர் பிடிக்க வைத்த கிடாரம், கிணற்றடித் தொட்டி, இரண்டாங்கட்டில் பாத்திரம் கழுவ வைத்த வாளி என்று எங்கும் வாய் வைக்கும். அந்த 3 நாளும் அவற்றை மூடி வையுங்கள். கஞ்சி கொடுத்தால் அதிலுள்ள தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் சிறுநீர் போகிறது என்பதற்காகத் தண்ணீரைக் குறைத்து வைக்காதீர்கள். அதன் சிறுநீரகத்தால் இப்போது நீரைப் பிடித்து வைக்க முடியாது. வெளியே போன அளவுக்கு உள்ளே போகாவிட்டால் நாய் வறண்டுவிடும்.

அளவைக் கூட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. மாறாத அளவில் கொடுத்தாலும் முதல் மாதம் முழுக்கக் கார்ட்டிசால் இறங்கிக்கொண்டே போகும். 10-14 நாளில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, மருந்து போதுமா என்று பார்க்க அல்ல, மிஞ்சிவிட்டதா என்று பார்க்கத்தான். அதில் கூட்டினால் நான்காவது வாரத்தில் நாய் படுத்துவிடும். அடுத்த பரிசோதனை ஏறக்குறைய 30-ஆம் நாள், பிறகு 90-ஆம் நாள், அதன் பின் 3 மாதத்துக்கு ஒரு முறை.

தண்ணீரும் பசியும் முதலில் குறையும். சில வாரங்களில் தெரிந்துவிடும். தொங்கும் வயிறும் தொடைச் சதையும் தேற அதைவிட நாளாகும். முடி வளர 3 முதல் 6 மாதம். நடுவில் பழைய முடி கொத்தாக உதிரலாம், பயப்பட வேண்டாம். கார்ட்டிசால் சரியான பிறகும் தண்ணீர் குறையவில்லை என்றால் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழு வாரமாக மருந்து கொடுக்கிறோம். ஒரு நாள் காலை சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகிப் படுத்துக்கொண்டான். ஒரு தடவை வாந்தி. வேளை தவறக் கூடாதே என்று வாயைத் திறந்து கேப்சூலைப் போட்டுவிட்டோம். சாயங்காலம் எழுந்து நிற்கவே இல்லை. ட்ரிப்ஸ் ஏற்றிப் பிழைத்தான். ஒரு வேளை விட்டிருந்தால் நோய் திரும்பி இருக்காதா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: திரும்பி இருக்காது. இந்த மருந்து கொடுக்கும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடாத நாய்க்கு டிரைலோஸ்டேன் கொடுக்கக் கூடாது.

அட்ரினல் சுரப்பி ஹார்மோன் தயாரிக்கும் வழியில் ஒரு நொதியை இந்த மருந்து சில மணி நேரம் முடக்கி வைக்கிறது. கட்டியை அது தொடுவதில்லை. அதனால்தான் ஆயுள் முழுக்கக் கொடுக்கிறோம். அதனால்தான் ஒரு வேளை விட்டாலும் பெரிய நட்டம் இல்லை. விட்டதால் வருவது நாலு கிண்ணம் கூடுதல் தண்ணீர். கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். கார்ட்டிசால் அளவுக்குக் கீழே போனால் உடல் எந்தச் சிரமத்தையும் தாங்காது. உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோனும் சேர்ந்து குறைந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே மந்தமாகிவிடும்.

இது சத்தமில்லாமல் தொடங்கும். குஷிங் நாய் என்றாலே தட்டை நக்கிப் பளபளப்பாக்கும் நாய். அது ஒரு பிடி சோற்றை மிச்சம் வைத்தாலே செய்தி. இட்லியை வாயில் வாங்கிக் கீழே போடுவது, கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்குவது, உடல் நடுங்குவது, கழிச்சல், வாந்தி, பின்னங்கால் துவளுவது எல்லாம் அடுத்தடுத்து வரும். எல்லாம் வரும் வரை காத்திருக்காதீர்கள். உணவு மறுத்தாலே மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். வாந்தியோ சோர்வோ சேர்ந்திருந்தால் அன்றே, இரவானாலும், கொண்டு போங்கள்.

போகும்போது ஒரு தாளில் மருந்தின் பெயர், மி.கி. அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் மூன்றையும் எழுதிக் கொண்டு போங்கள். ராத்திரி பார்க்கும் டாக்டர் உங்கள் வழக்கமான டாக்டராக இருக்க மாட்டார். சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைத்து ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. "டிரைலோஸ்டேன் ஓடுகிறது, சோடியம் பொட்டாசியம் பார்க்க வேண்டும்" என்று நீங்களே சொல்லுங்கள். சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்து வரும் விகிதம் 27-க்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும். விகிதம் சரியாக இருந்தும் கார்ட்டிசால் மட்டும் குறைந்திருக்கலாம், ஆகவே அதையும் எடுக்கச் சொல்லுங்கள். மறுபடி எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதை ரத்த முடிவு வந்த பிறகு டாக்டர் சொல்வார்.

இனி வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் சாப்பாட்டை வைத்து, பாதியாவது தின்கிறதா என்று நின்று பாருங்கள். பிறகு கேப்சூலை ஒரு சின்ன உருண்டை வேகவைத்த கோழிக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு மீதியைத் தின்ன விடுங்கள். உணவோடு போனால்தான் இந்த மருந்து உடலில் சரியாகச் சேரும். மறந்துவிட்டால் அடுத்த வேளையில் வழக்கமான அளவு மட்டும் கொடுங்கள். இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கல்யாணம் காட்சிக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் ஒப்படைத்தால், "சாப்பிட்டால்தான் மாத்திரை" என்று பெட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: மதுரைக்குப் போய் ரத்தம் எடுக்க வேண்டும். சர்க்கரைப் பரிசோதனை போல வெறும் வயிற்றில் கூட்டிப் போகலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: எந்தப் பரிசோதனை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஏசிடிஹெச் தூண்டல் பரிசோதனை (அட்ரினலைத் தூண்டும் ஊசி போட்டு, அதற்கு முன்னும் பின்னும் கார்ட்டிசால் பார்ப்பது) என்றால் வெறும் வயிறு கூடாது. வழக்கம் போல உணவோடு மருந்து கொடுத்து, 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து சரியாகச் சேராது. கார்ட்டிசால் அதிகமாகத் தெரியும், தேவையில்லாமல் அளவைக் கூட்டிவிடுவார்கள். 6.30-க்கு வீட்டில் சாப்பாடும் கேப்சூலும், 7.30-க்குப் புறப்பாடு, 10.30-க்கு முதல் ரத்தம், உடனே ஊசி, சரியாக 1 மணி நேரம் கழித்து 11.30-க்கு இரண்டாவது ரத்தம் என்று திட்டமிடலாம். வழியில் வாந்தி எடுத்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரைக்கு முந்தைய கார்ட்டிசால் மட்டும் பார்ப்பதாக இருந்தால் நேர் எதிர். அன்று காலை மருந்தை வீட்டில் கொடுக்காமல் கையில் எடுத்துப் போய், ரத்தம் எடுத்த பிறகு உணவோடு கொடுக்க வேண்டும். இறங்கியதும் ஊசி குத்தாமல் கொஞ்சம் அமைதியாகப் படுக்க விடுங்கள்; பயமே கார்ட்டிசாலை ஏற்றும்.

ஊசிக்குப் பிந்தைய அளவு டெசிலிட்டருக்கு 1.45 முதல் 9.1 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது மருந்தின் குறிப்புத்தாள். 1.45-க்குக் கீழே என்றால் மருந்தை நிறுத்த வேண்டும். சில பரிசோதனைக் கூடங்கள் லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று கொடுக்கும், அதை 27.6-ஆல் வகுத்தால் மைக்ரோகிராம் வரும். கூடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள்.

கேள்வி: என் பேரன் விட்டுப் போன நாய் இது. மருந்து கொடுத்த பிறகு தேவலை. ஆனால் பட்டாசாலையில் நடந்தால் பின்னங்கால் வழுக்கி விரிந்துகொள்கிறது. என்ன ஆகாரம் போடலாம் என்றும் சொல்லுங்கள்.
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, குஷிங்கால் தொடைச் சதை கரைந்து, மூட்டைப் பிடித்திருக்கும் நாண்களும் பலம் இழந்திருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நம் காலுக்குக் குளுமை. அதன் காலுக்கோ பிடிமானம் இல்லை. ஒரு முறை கால் விரிந்து முழங்கால் நாண் அறுந்தால் அறுவை சிகிச்சை வரை போகும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம், பிறகு கொல்லை வாசல் வரை, அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளை இடைவெளி இல்லாமல் வரிசையாகப் போடுங்கள். வெறும் சாக்கு வேண்டாம், அது தரையோடு சேர்ந்து நழுவும். பாத மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்த முடியைக் கத்தரித்து, நகத்தையும் வெட்டச் சொல்லுங்கள். நிலைப்படி உயரமாக இருந்தால் சாய்வாக ஒரு பலகை. திண்ணையிலிருந்து குதிக்க விடாதீர்கள்.

ஆகாரத்தில் முக்கியம் கொழுப்பைக் குறைப்பது. இந்த நோயில் ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கும், கணையம் வீங்கும் அபாயம் உண்டு. 8 கிலோ நாய் என்றால் ஒரு நாளைக்குத் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி வெந்த எடையில் 150 கிராம், சோறு 150 கிராம், வேகவைத்த பரங்கிக்காய் ஒரு கரண்டி. ஏறக்குறைய 450 கலோரி வரும். காலை, இரவு இரண்டாகப் பிரித்து மருந்தோடு கொடுங்கள். எடையைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். இதை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச்சத்து போதாது. கால்சியமும் மற்றச் சத்துகளும் எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சிறுநீரில் புரதம் போனால் இந்த அளவுகளும் மாறும்.

குழம்பில் பிசைந்த சோறு வேண்டாம். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது, இரண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். பணியாரம், சீயம், ஆட்டுக் கொழுப்பு, எலும்பு எதுவும் ஆகாது. விசேஷ நாளில் வீடு நிறைய ஆள் வரும்போது ஆளுக்கொரு துண்டு போட்டுவிடுவார்கள், அன்றைக்குப் பின்கட்டில் வைத்துவிடுங்கள்.

மருந்து கொடுத்த பின் நொண்டல் கூடியதாகத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். மிகையான கார்ட்டிசால் இதுவரை மூட்டுவலியை மறைத்து வைத்திருக்கலாம். வீட்டில் உள்ள வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: அரிப்புக்காக இரண்டு வருடமாகப் பிரெட்னிசலோன் கொடுத்து வருகிறோம். கூடவே பீட்டாமெத்தசோன் களிம்பு. இப்போது வயிறு தொங்கி, விலாவில் முடி கொட்டி, தண்ணீராகக் குடிக்கிறது. நண்பர் வீட்டு நாய்க்கு இதே அடையாளங்கள், டிரைலோஸ்டேன் கொடுக்கிறார்கள். நாமும் வாங்கலாமா?
– வாசகர், புதுவயல்

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் நாய்க்கு வந்திருப்பது பெரும்பாலும் மருந்தால் வந்த குஷிங். பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் இரண்டும் கார்ட்டிசால் போல வேலை செய்யும் ஸ்டீராய்டுகள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்ததால் அதன் அட்ரினல் வேலை செய்வதையே விட்டுச் சுருங்கியிருக்கும். அதற்கு மேல் டிரைலோஸ்டேன் கொடுத்தால், மீதி இருக்கும் சுரப்பையும் முடக்கிவிடும். அதே காரணத்தால் பிரெட்னிசலோனை நாளையே நிறுத்துவதும் ஆபத்து. சுரப்பி விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். டாக்டரிடம் அட்டவணை எழுதி வாங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். களிம்பும் காது சொட்டு மருந்தும் கணக்கில் சேரும். தோல் வழியாகவும் ஸ்டீராய்டு உள்ளே போகும், நக்கியும் போகும். எல்லா டியூபையும் எடுத்துக் கொண்டு போய்க் காட்டுங்கள்.

தோலில் மணல் போல் கரகரப்பாகக் கட்டி தட்டியிருந்தால் அது சுண்ணாம்பு படிதல். பிய்க்காதீர்கள், மஞ்சள் அரைத்துத் தேய்க்காதீர்கள். காகிதம் போல் மெலிந்த தோல் அது, கிழிந்தால் ஆறாது.

கேள்வி: ரத்தத்தில் ஏ.எல்.பி. மிக அதிகம் என்று கல்லீரல் டானிக் கொடுக்கிறோம். தேவையா?
– வாசகி, கோட்டையூர்

பதில்: ஏ.எல்.பி. என்பது கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஒரு நொதி. நாய்களில் கார்ட்டிசாலே ஏ.எல்.பி.யை ஏற்றும். அதை மட்டும் வைத்துக் கல்லீரல் கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. குஷிங் அடங்கினால் இறங்கும். முழுதும் இயல்புக்கு வராமலும் போகலாம். டானிக் காசை ரத்த அழுத்தம் பார்க்கச் செலவிடுங்கள். அதன் மேல் எண் (சிஸ்டாலிக்) 160-க்கு மேல் நிலைத்தால் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கும். அதற்கு எனலாப்ரில், பெனசெப்ரில் போன்றவை எழுதினால் டிரைலோஸ்டேன் ஓடுவதை நினைவூட்டுங்கள். சேரும்போது பொட்டாசியம் கூடலாம்.

கேள்வி: மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாய்க்கு அவள்தான் மருந்து கொடுக்கிறாள். பரவாயில்லையா?
– வாசகி, குன்றக்குடி

பதில்: இன்றே வேறொருவர் கைக்கு மாற்றுங்கள். கர்ப்பிணிகளும் கருத்தரிக்க இருப்பவர்களும் இந்த கேப்சூலைத் தொடக் கூடாது. யார் கொடுத்தாலும் அதைத் திறந்து பொடியைச் சோற்றில் கலக்கக் கூடாது. கொடுத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நாய் துப்பிய கேப்சூல் எங்காவது மிதியடிக்கு அடியில் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.